பெரும்பாடும் சத்துக்குறைவும்

மருத்துவப் பாடம்: பெண்கள் ஐக்கியக் கூடுகைகளில் வாசித்துக் கலந்துரையாட ஏற்றது



பன்னிரண்டு ஆண்டுகள் பெரும்பாட்டினால் வருந்திய ஸ்திரீயைக் குறித்து நாம் அநேக பிரசங்கங்கள் கேட்டிருக்கிறோம். அவள் பல வைத்தியரிடம் போனாள், கையிலிருந்ததையெல்லாம் செலவழித்தாள், சுகமடைவதற்குப் பதிலாக அதிகம் நலிந்தாள் என்று மாற்கு எழுதிய சுவிசேஷத்தின் ஐந்தாம் அதிகாரம் கூறுகிறது. அவளுடைய விசுவாசத்தைப் பற்றிப் பேசுகிற நாம் அவளுடைய சரீரத்தைப் பற்றி நினைத்துப் பார்ப்பதில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் இரத்தம் போய்க்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு அந்தக் கூட்டத்தில் நுழைந்து போகவே எவ்வளவு மூச்சு வாங்கியிருக்கும்! எத்தனை தடவை தலை சுற்றியிருக்கும்!

"பெரும்பாடு" என்பது வேதாகமத்தில் மட்டும் வரும் சொல் அன்று. மாதவிலக்கு அளவுக்கு மீறிப் போகும் வியாதிக்கு நம் நாட்டு வைத்தியத்தில் நெடுங்காலமாக வழங்கிவரும் பெயர் அது. அந்த வியாதியுள்ள பெண்கள் இன்றும் நம் சபைகளில் நம் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருக்கிறார்கள். வியாதியைவிட, அது உள்ளே உண்டாக்கும் சத்துக்குறைவே அவர்களை அதிகமாய் வாட்டுகிறது. அதைப் புரிந்துகொள்ளவும், அதோடு வாழக் கற்றுக்கொள்ளவும் இந்தப் பாடத்தை எழுதுகிறோம்.

1. ஒரு சகோதரியின் அனுபவம்

எங்கள் வெளிநோயாளர் பிரிவில் சந்தித்த பல பெண்களின் அனுபவங்களை இங்கே ஒருவருடையதாகச் சேர்த்துச் சொல்லுகிறோம். அவருக்கு வயது 44. பள்ளிச் சத்துணவு மையத்தில் வேலை. தினமும் நூறு பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறவர், தம் வீட்டில் எல்லாரும் சாப்பிட்ட பிறகு மிச்சம் இருப்பதைச் சாப்பிடுகிறவர். ஆறு வருடமாக மாதவிலக்கு எட்டு நாள், ஒன்பது நாள் என்று நீண்டுவந்தது. கட்டி கட்டியாகப் போகும். அந்த நாட்களில் ஆலயத்திற்கு வரமாட்டார். இருக்கையில் கறை பட்டுவிடுமோ என்ற பயம்.

"மாதவிலக்கு நிற்கிற வயசு வந்துட்டா எல்லாம் சரியாப் போயிடும்" என்று மூத்தவர்கள் சொன்னார்கள். அவரும் காத்திருந்தார். மாடிப்படி ஏறினால் நெஞ்சு படபடத்தது. சோறு வடிக்கும்போது ஒரு பிடி பச்சரிசியை எடுத்து வாயில் போட்டு மெல்லும் பழக்கம் வந்தது. வீட்டில், "முன்னைப் போல வேலை செய்ய மாட்டேன் என்கிறாள்" என்ற பேச்சு. ஒரு நாள் மையத்திலேயே மயங்கி விழுந்தார். மகள் அழைத்து வந்தாள்.

ஹீமோகுளோபின் 6.4 கிராம். கர்ப்பம் தரிக்காத பெண்ணுக்கு அது 12 கிராமுக்குக் குறைந்தாலே இரத்தசோகை என்றும், 8 கிராமுக்குக் குறைந்தால் கடுமையான இரத்தசோகை என்றும் உலக சுகாதார நிறுவனம் வரையறுத்திருக்கிறது. ஸ்கேன் எடுத்ததில் கர்ப்பப்பையின் தசையில் இரண்டு ஃபைப்ராய்டு கட்டிகள் தெரிந்தன. அவை புற்றுநோய்க் கட்டிகள் அல்ல.

முதல் நாளில் அவர் எங்கள் டாக்டரம்மாவிடம் கேட்ட கேள்வியை அப்படியே எழுதுகிறோம், ஏனெனில் உங்களில் பலருக்கும் அதே கேள்வி இருக்கும்: "டாக்டரம்மா, நான் தினமும் பீட்ரூட் சாப்பிடுறேன். பேரீச்சம்பழம் சாப்பிடுறேன். ரத்தம் ஏன் ஊற மாட்டேங்குது?"

2. எவ்வளவு போனால் அதிகம்?

சாதாரணமாக ஒரு மாதவிலக்கில் 30 முதல் 40 மில்லி வரை இரத்தம் போகும். 80 மில்லிக்கு மேல் போனால் அதிகம் என்று வெகுகாலமாக மருத்துவ நூல்கள் சொல்லிவந்தன. வீட்டில் யாரும் அளந்து பார்க்க முடியாது. ஆகவே இன்று வைத்தியர்கள் அந்தப் பெண்ணின் வாழ்க்கையையே அளவுகோலாக வைத்துக் கேட்கிறார்கள். ஒன்று அல்லது இரண்டு மணி நேரத்தில் துணியோ நாப்கினோ முழுவதும் நனைந்து மாற்ற வேண்டியிருக்கிறதா? இரவில் எழுந்து மாற்றவேண்டியிருக்கிறதா? பெரிய கட்டிகளாகப் போகிறதா? ஏழு நாளுக்கு மேல் நீடிக்கிறதா? அந்த நாட்களில் வேலைக்கோ ஆலயத்திற்கோ போக முடியாமல் இருக்கிறதா? இவற்றில் ஒன்றுக்கு "ஆம்" என்றாலும் அதைப் பரிசோதிக்க வேண்டும்.

காரணங்கள் பல. ஃபைப்ராய்டு கட்டி ஒன்று. கர்ப்பப்பையின் உள்வரிச் சவ்வு தசைக்குள் வளர்ந்து கர்ப்பப்பை வீங்கும் அடினோமயோசிஸ் மற்றொன்று. தைராய்டு குறைவு, ஹார்மோன் மாற்றம், உள்வரிச் சவ்வில் வளரும் சிறு சதை, இரத்தம் உறைவதில் உள்ள பிறவிக் குறை ஆகியவையும் உண்டு. இவற்றில் பல ஆண்டுக்கணக்கில் நீடிப்பவை.

3. ஓட்டைக் குடத்தின் கணக்கு

சகோதரியின் கேள்விக்குப் பதில் ஒரு சிறு கணக்கில் இருக்கிறது. பொறுமையாய்ப் பாருங்கள்.

ஒரு மில்லி இரத்தத்தில் சுமார் அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. இதுதவிர தோல், குடல் வழியாக எல்லாருக்கும் தினமும் சுமார் 1 மில்லிகிராம் இரும்பு வெளியேறுகிறது. சாதாரணமாக 40 மில்லி இரத்தம் போகும் பெண்ணுக்கு மாதச் செலவு: மாதவிலக்கில் 20, மற்றபடி 30, ஆக 50 மில்லிகிராம். மாதம் 120 மில்லி போகும் பெண்ணுக்கு: 60, மற்றபடி 30, ஆக 90 மில்லிகிராம்.

இனி வரவைப் பார்ப்போம். சோறு, பருப்பு, காய்கறி உண்ணும் பெண்ணின் ஒரு நாள் உணவில் 20 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது முழுவதும் இரத்தத்தில் சேராது. நம் நாட்டு உணவில் நூற்றில் எட்டுப் பங்குதான் உடம்பில் சேருகிறது என்று கணக்கிடுகிறார்கள். அப்படியானால் ஒரு நாளைக்கு 1.6, மாதத்திற்கு 48 மில்லிகிராம். முதல் பெண்ணுக்கு வரவும் செலவும் ஏறக்குறைய சமம். இரண்டாவது பெண்ணுக்கு மாதம் 42 மில்லிகிராம் பற்றாக்குறை. ஆண்டுக்கு 500 மில்லிகிராம். ஒரு பெண்ணின் உடம்பில் இரும்புக் கையிருப்பு பெரும்பாலும் அந்த அளவுகூட இருப்பதில்லை. கையிருப்புக் குறையும்போது குடல் சற்று அதிகமாய் இழுத்துக்கொள்ளும். ஆனாலும் இவ்வளவு பெரிய பற்றாக்குறையை அது ஈடு செய்யாது.

பீட்ரூட்டின் சிவப்பு ஒரு நிறமியே தவிர இரும்பு அல்ல. அதிலுள்ள இரும்பு மிகவும் குறைவு. பேரீச்சம்பழமும் வெல்லமும் நல்லவைதான், ஆனால் இரண்டு பழத்தில் வரும் இரும்பு மேற்சொன்ன கணக்கை மாற்றாது. ஓட்டைக் குடத்தில் எவ்வளவு நீர் ஊற்றினாலும் நிறையாது. ஓட்டையை அடைக்கவும் வேண்டும், பெரிய வாளியால் ஊற்றவும் வேண்டும். முதலாவது கர்ப்பப்பைக்குச் செய்யும் வைத்தியம். இரண்டாவது மாத்திரை அல்லது ஊசி. உணவு இரண்டுக்கும் துணை.

இந்தப் பற்றாக்குறை சிலருக்கு மட்டும் உள்ள துன்பமன்று. 2019-21 ஆண்டுகளில் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை. தமிழ்நாட்டில் நூற்றுக்கு 53 பேர்.

4. இரும்பு மட்டும் போதுமா?

இரத்தச் சிவப்பணு உருவாக இரும்போடு ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 என்ற இரண்டு வைட்டமின்களும் வேண்டும். வீடு கட்டச் செங்கல் இருந்தால் மட்டும் போதாது, கொத்தனாரும் வேண்டுமல்லவா? இரத்தம் போய்க்கொண்டே இருக்கும் பெண்ணின் எலும்பு மஜ்ஜை ஓய்வின்றிப் புதிய அணுக்களை உண்டாக்குகிறது. இந்த வைட்டமின்களும் அதற்கேற்பச் செலவாகின்றன.

ஃபோலிக் அமிலம் கண்டறியப்பட்ட கதைக்கும் நம் நாட்டுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 1928-இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். அங்கே ஜவுளி ஆலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்கள் கர்ப்பகாலத்தில் ஒருவகைக் கடும் இரத்தசோகையால் வருந்தினர். அவர் அவர்களுடைய வீட்டு உணவையே ஆராய்ந்தார். குன்னூரில் உள்ள பாஸ்டர் நிலையத்திலும் ஆராய்ச்சி செய்தார். 1931-இல் சென்னையில், திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை என்று வழங்கும் பெண்கள் மருத்துவமனையில் பணியாற்றினார். மார்மைட் என்ற மலிவான ஈஸ்ட் சாறு அந்தப் பெண்களைக் குணமாக்குவதை அவர் கண்டு 1931-இல் வெளியிட்டார். அந்தச் சாற்றில் இருந்தது என்ன என்று அப்போது தெரியாது. 1941-இல் கீரையிலிருந்து அதே பொருளைப் பிரித்தெடுத்து, இலை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லால் ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். இன்று கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கப்படும் மாத்திரைக்கு அந்த ஏழைத் தொழிலாளிப் பெண்களே மூலகாரணம்.

ஃபோலிக் அமிலம் கீரை, பயறு, நிலக்கடலை, ஈரல் ஆகியவற்றில் உண்டு. வெகுநேரம் கொதித்தால் அழியும். வேகவைத்த நீரைக் கொட்டிவிட்டால் அதோடு போய்விடும்.

பி12 வேறு விதமானது. பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றில்தான் இருக்கிறது. கீரையிலும் பருப்பிலும் இல்லை. ஈரலில் அது பல ஆண்டுகளுக்குச் சேமிப்பாக இருக்கும். ஆகவே குறைவு மெதுவாக, சத்தமில்லாமல் வரும். சுத்த சைவ உணவு உண்போர், வயிற்றில் அமிலம் குறைக்கும் மாத்திரையை வருடக்கணக்கில் சாப்பிடுவோர், மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை நெடுநாள் சாப்பிடுவோர் ஆகியோருக்கு இது வரக்கூடும். சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினைக்கும் மெட்ஃபார்மின் கொடுக்கப்படுகிறது. ஆகவே சர்க்கரை வியாதி இல்லாத இளம்பெண்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

5. ஒன்றை ஒன்று மறைக்கும்

நம் சகோதரிக்கு நடந்ததைத் தொடருவோம். இரத்தம் ஏற்றப்பட்டது. இரும்புச் சத்து மாத்திரை கொடுக்கப்பட்டது. ஹீமோகுளோபின் 9.5 வரை ஏறியது, அதற்குமேல் அசையவில்லை. நாக்கு சிவந்து, காரம் பட்டால் எரிந்தது. பாதங்களில் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. இருட்டில் நடந்தால் தடுமாறினார். அவருக்கு ஆறு ஆண்டுகளாகச் சர்க்கரை வியாதி இருந்ததால், "சர்க்கரையினால் வரும் நரம்புத் தளர்ச்சி" என்று வேறிடத்தில் சொல்லியிருந்தார்கள். நாங்களும் முதலில் அப்படியே நினைத்தோம் என்பதை மறைக்காமல் எழுதுகிறோம். மூன்று மாதம் அப்படியே கழிந்தது. பிறகுதான் பி12 பரிசோதனை செய்தோம். மிகவும் குறைவாக இருந்தது.

ஏன் முன்னமே தெரியவில்லை? இரண்டு காரணங்கள்.

முதலாவது, இரும்பு குறைந்தால் சிவப்பணுக்கள் சிறுத்துப் போகும். பி12 அல்லது ஃபோலிக் அமிலம் குறைந்தால் அவை பெருத்துப் போகும். இரண்டும் சேர்ந்து குறைந்தால் சிறியதும் பெரியதும் கலந்து, இயந்திரம் காட்டும் சராசரி அளவு சரியாக இருப்பதுபோல் தோன்றும். பரிசோதனைத் தாளைப் பார்ப்பவர் ஏமாந்துபோகலாம்.

இரண்டாவது, அரசு வழங்கும் இரும்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்போடு 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கிறது. பெரும்பாலோருக்கு அது நல்லதே. ஆனால் பி12 குறைவாக உள்ளவருக்கு ஃபோலிக் அமிலம் மட்டும் கொடுத்தால் இரத்தம் ஓரளவு தேறும், நரம்பு மாத்திரம் உள்ளே கெட்டுக்கொண்டே போகும். நாட்கள் கடந்தால் அந்தச் சேதம் முழுவதும் திரும்பாது. ஆகவே கைகால் மரத்துப்போதல், தடுமாற்றம், நாக்குப் புண், மறதி ஆகியவற்றை "வயசாகிவிட்டது" என்று தள்ளிவிடாதீர்கள். மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்கள் தங்கள் வைத்தியரிடம், "எனக்கு பி12 பார்க்க வேண்டுமா?" என்று கேட்பதில் தவறில்லை.

6. மாத்திரையைச் சாப்பிடும் விதம்

இரும்பு மாத்திரையை வாங்கி அலமாரியில் வைத்துவிடும் பெண்கள் அநேகர். குமட்டல், மலச்சிக்கல், மலம் கறுப்பாகப் போவது ஆகியவற்றால் பயப்படுகிறார்கள். மலம் கறுப்பாவது மாத்திரையின் இயல்பு, பயப்படத் தேவையில்லை. மற்றவைகளுக்குச் சில வழிகள் உண்டு.

வெறும் வயிற்றில் நன்றாய்ச் சேரும். வயிறு புரட்டினால் உணவோடு சாப்பிடலாம். சாப்பிடாமல் விட்டுவிடுவதைவிட அது மேல்.

எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய், கொய்யா ஆகியவற்றோடு சாப்பிட்டால் அதிகம் சேரும். அவற்றிலுள்ள வைட்டமின் சி அதற்கு உதவுகிறது.

காப்பி, தேநீர், பால், சுண்ணாம்புச் சத்து மாத்திரை, வயிற்றெரிச்சல் மருந்து ஆகியவை இரும்பைத் தடுக்கும். மாத்திரைக்கும் இவற்றுக்கும் இடையில் இரண்டு மணி நேரமாவது விடவேண்டும். மாத்திரையைக் காப்பியோடு விழுங்குவது நம் வீடுகளில் சாதாரணமாய் நடக்கும் தவறு.

ஒரு முறை இரும்பு உட்கொண்டால், ஈரலில் சுரக்கும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் உயர்ந்து அடுத்த சுமார் 24 மணி நேரத்திற்குக் குடலின் வாசலைப் பாதி மூடிவிடுகிறது. ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிட்டால் ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் அதிகம் சேருகிறது என்று சுவிட்சர்லாந்தில் இரும்புக் குறைவுள்ள பெண்களிடம் செய்து 2017-இல் வெளியான ஆய்வு காட்டியது. வயிறு தாங்காதவர்கள் இந்த முறையைக் குறித்து வைத்தியரிடம் கேட்கலாம். கடுமையான இரத்தசோகை உள்ளவர்கள் தாமாக மாற்றிக்கொள்ளக் கூடாது.

நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் 1 கிராமாவது ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லையென்றால் காரணம் தேடவேண்டும். 12-ஐ எட்டியவுடன் நிறுத்திவிடாமல், கையிருப்பை நிரப்ப மேலும் மூன்று மாதம் தொடரவேண்டும். ஃபெரிட்டின் என்ற பரிசோதனை அந்தக் கையிருப்பைக் காட்டும்.

மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும், சீக்கிரம் அறுவை சிகிச்சை செய்யவேண்டியவர்களுக்கும் இரும்பை நரம்பு வழியாக ஏற்றலாம். அதை மருத்துவமனையில் மட்டுமே செய்யவேண்டும். பி12 குறைவுக்கு ஊசி உண்டு; அதிக அளவுள்ள மாத்திரையும் பலருக்குப் பயன்படுகிறது.

7. சமையலறையில் செய்யக்கூடியவை

அசைவம் உண்போருக்கு ஈரலும், நம் ஊர்களில் பிரசவித்த பெண்களுக்குச் சமைத்துக் கொடுக்கும் சுவரொட்டியும் இரும்புச் சத்து மிகுந்தவை. கர்ப்பிணிகள் மாத்திரம் ஈரலை அடிக்கடி உண்ணாமல் வைத்தியரைக் கேட்கவேண்டும். அதில் வைட்டமின் ஏ மிக அதிகம். மத்தி, நெத்திலி போன்ற மலிவான மீன்களில் பி12 உண்டு. வாரத்தில் சில முட்டைகள், தினமும் ஒரு டம்ளர் மோர் அல்லது தயிர் என்பது ஏழை வீட்டிலும் முயலக்கூடியது.

சைவம் உண்போர் முருங்கைக்கீரை, தண்டுக்கீரை, கொள்ளு, பச்சைப்பயறு, கேழ்வரகு, எள் ஆகியவற்றை மாற்றி மாற்றிச் சேர்க்கலாம். பயறை ஊறவைத்து முளைகட்டினால் இரும்பைப் பிடித்துவைக்கும் பொருள் குறைகிறது. மாவைப் புளிக்கவைப்பதும் அப்படியே. கீரையை இறக்கியபின் எலுமிச்சை பிழிந்துகொள்வது பழக்கமாகட்டும்.

வைட்டமின் டி பற்றியும் ஒரு வார்த்தை. வெயில் நிறைந்த நம் நாட்டிலும் இதன் குறைவு பரவலாக இருக்கிறது. ஃபைப்ராய்டு உள்ள பெண்களிடம் இது குறைவாகக் காணப்படுகிறது என்று சில ஆய்வுகள் கூறுகின்றன. அதனால் வைட்டமின் டி மாத்திரை கட்டியைக் கரைத்துவிடும் என்று விளம்பரத்தை நம்பிப் பணத்தை இழக்க வேண்டாம். குறைவு இருந்தால் எலும்பின் நலனுக்காக வைத்தியர் சொல்லும் அளவில் எடுத்துக்கொள்ளலாம். தானாக வாங்கி அதிகம் சாப்பிடுவது தீங்கு.

8. ஓட்டையை அடைக்கும் வழிகள்

கர்ப்பப்பையை எடுத்துவிடுவதுதான் ஒரே வழி என்று பலர் எண்ணுகிறார்கள். அது உண்மையல்ல. இரத்தப்போக்கு உள்ள நாட்களில் மட்டும் சாப்பிடும் டிரானெக்சாமிக் அமில மாத்திரை பலருக்குப் போக்கைக் குறைக்கிறது. ஹார்மோன் மாத்திரைகள் உண்டு. கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம் ஐந்து ஆண்டுகளோ அதற்கு மேலோ பயன் தரும். குழந்தை வேண்டுவோருக்குக் கட்டியை மட்டும் அகற்றலாம். மாதவிலக்கு நின்றபின் கட்டிகள் பெரும்பாலும் சுருங்கும்.

கர்ப்பப்பையை அகற்றும் சிகிச்சை சிலருக்கு மெய்யாகவே தேவை. அப்போது பயப்படாமல் செய்துகொள்ள வேண்டும். ஆனால் தேவையற்ற அகற்றல்கள் நம் நாட்டில் நடந்திருக்கின்றன. அவற்றைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை எல்லா மாநிலங்களும் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. "வேறு வழி உண்டா?" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

கீழ்க்கண்டவை இருந்தால் தாமதிக்கவே கூடாது: மாதவிலக்கு நின்று ஓராண்டுக்குப் பின் ஒரு சொட்டு இரத்தம் காணப்பட்டாலும், தாம்பத்திய உறவுக்குப்பின் இரத்தம், மாதவிலக்குக்கு இடைப்பட்ட நாட்களில் இரத்தம், மயக்கம், நெஞ்சுவலி, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத்திணறல். முதல் மூன்றும் சில வேளைகளில் புற்றுநோயின் ஆரம்பமாக இருக்கலாம். சீக்கிரம் வந்தால் குணமாக்கலாம்.

9. வீட்டாரும் சபையாரும்

இரத்தசோகை உள்ள பெண் சோம்பேறி அல்ல. அவளுடைய இருதயம் குறைந்த இரத்தத்தைக் கொண்டு இரட்டிப்பு வேலை செய்கிறது. பச்சரிசி, சாம்பல், பல்பம், செங்கல் தூள் தின்கிற பெண்ணையோ பிள்ளையையோ திட்டுவதற்குமுன் இரத்தத்தைப் பரிசோதியுங்கள். இரும்புக் குறைவின் அடையாளமாக அது இருக்கக்கூடும்.

கணவர்மாருக்கு ஒரு வேண்டுகோள்: மனைவியும் உங்களோடு ஒரே வேளையில் அமர்ந்து சாப்பிடட்டும். குழம்பிலுள்ள மீன் துண்டு அவளுடைய தட்டுக்கும் வரட்டும். போதகர்களுக்கும் ஐக்கிய சங்கத் தலைவிகளுக்கும்: மாதவிலக்கைப் பற்றிப் பேசுவது வெட்கமல்ல. நம் கர்த்தர் அந்த ஸ்திரீயைக் கூட்டத்தின் நடுவே நிறுத்திப் பேசவைத்தார், அவளைக் கடிந்துகொள்ளவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை சபையில் ஹீமோகுளோபின் பரிசோதனை முகாம் நடத்துவது கடினமான காரியம் அன்று.

இம்மடலின் ஆதரவாளர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறோம். பி12, ஃபெரிட்டின் பரிசோதனைகளை "பிறகு பார்க்கலாம்" என்று ஏழைப் பெண்கள் தள்ளிப்போடுவது செலவுக்குப் பயந்துதான். நம் சகோதரிக்கு அந்தச் செலவு தர்மநிதியிலிருந்து கொடுக்கப்பட்டது.

10. சகோதரியின் இன்றைய நிலை

பி12 ஊசி போட்டபின் சில வாரங்களில் நாக்குப் புண் ஆறியது. நின்றுபோயிருந்த ஹீமோகுளோபின் மறுபடியும் ஏறத் தொடங்கியது. கட்டிகள் கர்ப்பப்பையின் உட்குழியைக் கெடுக்காதபடியால் ஹார்மோன் சாதனம் வைக்கப்பட்டது. முதல் நான்கு மாதம் விட்டுவிட்டு இரத்தம் பட்டதால், "எடுத்துவிடுங்கள்" என்று இருமுறை வந்து கேட்டார். இது முதலில் பலருக்கு வரும், பொறுத்துக்கொள்ளுங்கள் அம்மா என்று சொல்லி அனுப்பினோம். பொறுத்துக்கொண்டார். பத்தாம் மாதத்தில் ஹீமோகுளோபின் 12.1. பச்சரிசி மெல்லும் ஆசை எப்போது போயிற்று என்று அவருக்கே நினைவில்லை.

எல்லாம் சரியாகிவிடவில்லை. வலது கால் விரல்களில் மரத்த உணர்வு இன்னும் இருக்கிறது. அது முழுவதும் போகுமா என்று எங்களால் உறுதி சொல்ல முடியவில்லை. கட்டிகளும் இருக்கின்றன. சர்க்கரை மாத்திரை தொடர்வதால் பி12-உம் தொடரவேண்டும். ஆறு மாதத்திற்கு ஒருமுறை அவர் வருகிறார். கடைசியாக வந்தபோது தம் மையத்தில் வேலை செய்யும் இன்னொரு பெண்ணையும் அழைத்து வந்தார். "இவளும் அரிசி திங்குறா, டாக்டரம்மா. அதான் கூட்டிட்டு வந்தேன்" என்றார். அந்தப் பெண்ணின் ஹீமோகுளோபின் 7.9.

கலந்துரையாடலுக்குச் சில கேள்விகள்

1. மாதவிலக்கு அதிகம் என்பதை வீட்டில் எவ்விதம் அறியலாம்? மூன்று அடையாளங்களைச் சொல்லுங்கள்.

2. நல்ல உணவு உண்டும் இரத்தம் ஊறாததற்குக் காரணம் என்ன? "ஓட்டைக் குடம்" கணக்கை உங்கள் சொந்த வார்த்தைகளில் விளக்குங்கள்.

3. இரும்பு மாத்திரையோடு எவற்றைச் சேர்க்கலாம்? எவற்றைத் தவிர்க்கவேண்டும்? எத்தனை நாள் தொடரவேண்டும்?

4. பி12 குறைவு யாருக்கு வரக்கூடும்? ஃபோலிக் அமிலம் மட்டும் சாப்பிட்டால் வரும் ஆபத்து என்ன?

5. இரத்தப்போக்கினால் ஆலயத்திற்கு வரத் தயங்கும் சகோதரி உங்கள் சபையில் உண்டா? அடுத்த மாதத்திற்குள் அவருக்காக நீங்கள் செய்யக்கூடிய ஒரு காரியம் என்ன?